கல் பேச வேண்டும்!

குளச்சலிலே ஒரு தூண் நிற்கிறது. 1741ஆம் ஆண்டு டச்சுக்காரனின் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா முறியடித்தாரே, அந்த வெற்றியைச் சொல்லும் தூண். அதே ஊரிலே இன்னோர் இடமும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையிலே பேரலைக்கு இரையானோர், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக நூற்றுக்கணக்கிலே, ஒன்றாகப் புதைக்கப்பட்ட இடம். ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் கூடுகிறார்கள்; மலர் தூவுகிறார்கள்; மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்; அழுகிறார்கள். கொட்டில்பாட்டிலும் அப்படியே, மணக்குடியிலும் அப்படியே. குமரி முனையிலே அரசு எழுப்பிய நினைவுச் சின்னம் ஒன்று உண்டு: சீறி எழும் அலை, அதைத் தடுத்து நிறுத்தும் ஒரு கை, விளக்கேந்திய மற்றொரு கை.

நல்ல சின்னந்தான். மறுக்கவில்லை நாம். ஆனால் கேட்கிறோம்: அலையைக் கை தடுத்ததா? தடுக்கவில்லையே! குமரி மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 800 உயிர்கள் போயினவே! 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை, அந்த அலையிலும் அசையாமல் நின்றது. பாறை மீது நின்றார் வள்ளுவர், தப்பினார். மணல் மீது நின்றது மீனவன் குடிசை, மறைந்தது. எங்கே கட்டினோம் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை நினைவுச் சின்னம் கேட்க வேண்டாமா?

மணவாளக்குறிச்சிக்கு வாருங்கள், தோழர்களே. இந்த ஊரின் கறுப்பு மணலைத்தான் 1909ஆம் ஆண்டிலே ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டு வியந்தார். அதிலிருந்த மோனசைட்டிலிருந்து தோரியம் எடுத்தார்கள். அது காஸ் விளக்கின் மேண்டிலாயிற்று. நம் கரை மணல் போய் ஐரோப்பாவின் வீதிகளை ஒளிமயமாக்கியது. நம் கரையிலோ அன்று மண்ணெண்ணெய்ச் சிமினி! இன்றும் அங்கே மத்திய அரசின் அருமணல் ஆலை ஓடுகிறது. உழைக்கும் தொழிலாளியைக் குறை கூறுவோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவன் வீட்டு அடுப்பு அதனால் எரிகிறது. எனினும் கிள்ளியூர் வட்டத்திலே மேலும் 1,144 ஹெக்டேர் நிலத்தில் மணலெடுக்கத் திட்டம் வந்தபோது, 2024இல் கடற்கரை ஊர்கள் கொதித்தெழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. கரை என்பது அவர்களுக்குச் சுவர். சுவரைச் சுரண்டக் கையெழுத்துக் கேட்டால் எந்த வீட்டுக்காரன் தருவான்?

பேரலை வேறு, தட்பவெப்ப மாறுதல் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது, அலை எழுந்தது. அதற்கும் ஆலைப் புகைக்கும் உறவில்லை. கலந்து பேசினால் எதிரி சிரிப்பான். ஆனால் கடல் மட்டம் உயர்வதற்கும் புகைக்கும் உறவுண்டு. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. பனிமலை உருகியதும் வெப்பத்தால் நீரே விரிந்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஒரு சாண் என்று அலட்சியம் வேண்டாம். சரிந்து கிடக்கும் மணற்கரையில் ஒரு சாண் ஏறும் நீர், பல முழம் உள்ளே நடந்து வரும். அடுத்த பேரலை வந்தால், அது ஒரு படி மேலே நின்றுகொண்டு அடிக்கும்.

ஒக்கிப் புயலை மறந்தோமா? 2017 நவம்பர் 29 நள்ளிரவு கடந்து 30 விடியும் வேளை. குமரிக் கடலருகே உருவான தாழ்வு, ஒரே நாளுக்குள் புயலாகிப் பாய்ந்தது. ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர் வட்டாரத்து மீனவருக்கு எச்சரிக்கை எப்படிப் போகும்? பல நாள் தங்கி மீன் பிடிப்பவர்கள் அவர்கள். கரையில் ஒலிபெருக்கி கத்தினால் நடுக்கடலில் கேட்குமா? நூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. அரபிக் கடல் சூடேறி வருகிறது, கடந்த நாற்பது ஆண்டுகளில் அங்கே புயல்களின் எண்ணிக்கையும் வலிமையும் கூடியுள்ளன என்று ஆராய்ந்தோர் சொல்கிறார்கள். சூடேற்றியது யார்? கட்டுமரத்தானா? வள்ளக்காரனா?

பேரலையில் மாண்டவனுக்குக் கல்லறையாவது உண்டு. ஒக்கியில் போனவர்களில் பலருக்கு உடலே கிடைக்கவில்லை. காணாமற்போனவன் இறந்தான் என்று ஏற்க ஏழாண்டு காத்திரு என்பது சட்டத்தின் பொது விதி. போராடித்தான் அதைத் தளர்த்த வேண்டியிருந்தது. கணவன் உயிரோடிருக்கிறானா இல்லையா என்று தாசில்தார் கச்சேரி எழுதித் தர வேண்டிய நிலை ஒரு பெண்ணுக்கு! அவள் எந்தக் கல்லின் முன்னே போய் நிற்பாள்?

கல் நடுவது தமிழனுக்குப் புதிதா? ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு நடுகல் எடுத்த இனம் இது. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு துறைகளாகத் தொல்காப்பியம் பகுத்துச் சொல்கிறது. கல்லிலே பெயர் இருந்தது. எப்படி மாண்டான் என்ற செய்தியும் இருந்தது. வழிப்போக்கனுக்கு அது பாடம்.

பிற நாட்டார் செய்வதைப் பாருங்கள். ஐஸ்லாந்திலே ஓக் என்றொரு பனியாறு உருகி உயிரிழந்தது. 2019 ஆகஸ்டிலே, செத்துப்போன பனியாற்றுக்கு நினைவுப் பலகை பதித்தார்கள்! நடப்பதும் தெரியும், செய்ய வேண்டியதும் தெரியும். செய்தோமா என்பது உங்களுக்குத்தான் தெரியும் என்ற பொருளில் வருங்காலத்தாருக்கு அதில் எழுதினார்கள். ஜப்பானிலே அனேயோஷி என்ற சிற்றூரில், 1933 பேரலைக்குப் பின் ஒரு கல் நட்டார்கள்: இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று. ஊர் கேட்டது. 2011இல் பேரலை மீண்டும் வந்தது; கல்லுக்குக் கீழேயே நின்றது; வீடுகள் தப்பின. அழகுக்காக நட்ட கல்லல்ல அது, கட்டளையிட்ட கல்!

அத்தகைய கல்லைத்தான் கேட்கிறோம். கடியப்பட்டணம் முதல் குளச்சல் வரை ஊருக்கொரு கல். 2004இல் நீர் எவ்வளவு உயரம் ஏறிற்று என்று அதிலே ஒரு கோடு. கரை எந்த ஆண்டில் எங்கே இருந்தது என்று ஆண்டுக் கணக்கு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அளந்து பொறிக்க வேண்டும், பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டே அளக்க வேண்டும். ஒக்கியில் திரும்பாதவர் பெயர்கள், குடும்பத்தார் இசைவோடு. எந்தத் தெரு வழியே மேட்டுக்கு ஓட வேண்டும் என்று ஓர் அம்புக்குறி.

செலவு என்பார்கள். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டும் பாறைக்கும் தூண்டில் வளைவுக்கும் கோடிகள் போகின்றன; ஓர் ஊரின் முன் கல்லைக் கொட்டினால் அடுத்த ஊரின் மணலை அலை அரிப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பாறைகளிலிருந்து ஊருக்கு ஒன்றை எடுத்து நிமிர்த்தி வைத்தாலும் நமக்குச் சம்மதம். பளிங்கு வேண்டாம், பெரிய மனிதர் பெயர் பொறித்த திறப்பு விழாப் பலகையும் வேண்டாம்.

மாவட்ட ஆட்சியும் மீன்வளத் துறையும் ஊர்க் கமிட்டிகளை அழைத்துப் பேசட்டும். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், மணவாளக்குறிச்சியை அடுத்த சின்னவிளையிலிருந்து தொடங்கலாம். நீர் எதுவரை ஏறிற்று என்று காட்ட அங்கே ஆளிருக்கிறது.