விடைபெறும் கலைஞனுக்கு ஒரு படம்

மேடையை விட்டுக் கலைஞன் இறங்கிய பின் அவன் கலை எங்கே தங்குகிறது? கண்டவர் மனத்தில் தங்குகிறது என்பார்கள். கண்டவரும் மறைந்த பின்? இக்கேள்வியை என்னுள் எழுப்பியது ஒரு விழா நோட்டீஸ்.

மேல்மலையனூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. சென்ற ஆண்டு எங்கள் ஊர் விழாவில் முதிய கூத்து வாத்தியார் ஒருவர் கடைசி முறையாகத் துரியோதனன் வேடம் கட்டினார். இனிக் கட்டை சுமக்கத் தோளில் வலுவில்லை என்று அவரே கூறிவிட்டார். ஆனால் நோட்டீஸ் முழுவதும் உபயதாரர்களின் புகைப்படங்கள். வாத்தியார் பெயர் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாத்தியார் எங்கடா இருக்காரு?" என்றார். பெயரைத் தொட்டுக் காட்டினேன். "இது எழுத்து. ஆளு எங்க?" என்றார். கல்லூரியில் படிக்கும் எனக்குப் பதில் வரவில்லை.

கடல் கடந்த நாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவில் 1965-இல் தோன்றிய 'கிரேட்ஃபுல் டெட்' என்னும் ராக் இசைக்குழுவின் முன்னணிக் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995-இல் மறைந்தார். குழுவில் எஞ்சியோர் 2015 ஜூன், ஜூலை மாதங்களில் சாண்டா கிளாராவிலும் சிகாகோவிலும் ஐந்து விடைபெறும் நிகழ்ச்சிகள் நடத்தினர். அந்நாட்டில் இத்தகைய இசை நிகழ்ச்சிகளுக்கென்றே ஓவியர்கள் தனிப்படம் வரைகிறார்கள். ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் வண்ணத்துக்கு ஒரு திரையாக அச்சிட்டு, பென்சிலால் எண்ணும் கையொப்பமும் இடுகிறார்கள். ரசிகர்கள் அவற்றைச் சட்டம் போட்டுக் காக்கிறார்கள்.

அக்குழுவின் புகழ்பெற்ற சின்னம் ரோஜா மாலை சூடிய எலும்புக்கூடு. 1966-இல் ஸ்டான்லி மவுஸ், ஆல்டன் கெல்லி என்னும் இரு ஓவியர்கள் ஒரு சுவரொட்டிக்காக அமைத்தது. அதன் மூலம், உமார் கய்யாம் பாடல்களுக்கு எட்மண்ட் சல்லிவன் வரைந்த கறுப்பு வெள்ளைச் சித்திரம். நம் கவிமணி தமிழில் தந்த அதே உமார் கய்யாம்தான்! அப்படத்தில் பாடகர் எவர் முகமும் இல்லை. ஆயினும் பார்த்தவுடன் ரசிகன் குழுவை அறிகிறான். ஓவியம் கற்பிக்கும் பாடம் இதுவே. கிரீடமும் புஜக்கட்டையும் ஒரு பக்கம், படுகளத்தில் மண்ணால் கிடக்கும் துரியோதனன் ஒரு பக்கம், நடுவில் நம் வாத்தியார் நிற்கும் நிலை. இவ்வளவு போதும்; என் அப்பா படித்துவிடுவார்.

"கூத்து விடிந்தால் முடிவது. படுகளத்து மண் உருவமே மறுபடி மண்ணாகிறது. படம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். மண் துரியோதனனை அடுத்த ஆண்டு மீண்டும் செய்துகொள்ளலாம். அந்த வாத்தியாரை யார் செய்து தருவார்?

ஒன்றில் மட்டும் நான் மேல்நாட்டாரோடு மாறுபடுகிறேன். குறைந்த பிரதிகள், கூடிய விலை என்பது அவர்கள் வழி. வாங்கியவர் அதிக விலைக்கு விற்பதும் உண்டு. சாக்கு விரித்து விடிய விடியக் கூத்துப் பார்த்தவனால் வாங்க முடியாத படம் யாருக்காக? சினிமாக் கொட்டகையில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களை இன்று தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். அவற்றுக்கு எண்ணும் இல்லை, கையொப்பமும் இல்லை. மக்கள் கையில் புழங்கியதே அவற்றின் மதிப்பு.

மாணவத் தோழர்களே! கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அச்சிடும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங் நமக்கும் எட்டும். இரண்டு வண்ணம் போதும். உங்கள் ஊரில் விடைபெறும் கூத்துக் கலைஞரை, பம்பைக்காரரை, நாதசுரக்காரரைத் தேடிச் செல்லுங்கள். அவர் சம்மதம் பெற்று வரையுங்கள். முதல் பிரதியை அவர் கையில் கொடுங்கள். விற்ற பணத்தில் செலவு போக மிச்சத்தையும் அவரிடமே கொடுங்கள்.

எங்கள் வாத்தியாரின் படத்தை வரையத் தொடங்கியிருக்கிறேன். கிரீடம் இன்னும் சரியாக வரவில்லை. முடிந்ததும் முதலில் அப்பாவிடம் காட்டுவேன். "இதோ இருக்காரு" என்று அவர் விரல் வைத்தால் அச்சுக்குக் கொடுப்பேன். இல்லையேல் மீண்டும் வரைவேன்.