மாத்தர் தாலுகாவுக்குப் போன மாணவர்கள்

"உலகத்துக்கே புது சப்ஜெக்ட்டுங்க. நம்ம பக்கம் யாரும் கேள்வியேபட்டிருக்க மாட்டாங்க."

வெளிநாட்டுப் படிப்புக்கு மாணவர் சேர்க்கும் முகவர் ஒருவர் இந்த வாரம் ஆரணியில் ஒரு பட்டு நெசவாளரிடம் இப்படிச் சொன்னார். நெசவாளர் திருமலையிலிருந்து மகளோடு வந்திருந்தார். மகளுக்கு ஆசிரியை ஆக வேண்டும். கூடவே ஆறு, சாயத்தண்ணீர், மழை என்று எல்லாவற்றிலும் ஆர்வம். அதனால் கல்வியியலையும் உலக நீடித்த வளர்ச்சியையும் சேர்த்துப் படிக்கும் பட்டம் ஒன்றை முகவர் எடுத்துக் காட்டினார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பத்தியாளருக்கு அந்த இரண்டாவது வாக்கியம் சுருக்கென்று தைத்தது. வாரம் முழுக்க அது ஆறவில்லை.

படிப்பின் மேல் குறை எதுவும் இல்லை. இங்கிலாந்தில் வாரிக் பல்கலைக்கழகம் இந்த இரண்டையும் இணைத்து இளநிலைப் பட்டம் நடத்துகிறது. 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டை ஐ.நா. சபை நீடித்த வளர்ச்சிக்கான கல்விப் பத்தாண்டு என்று அறிவித்தது. 2015இல் உலக நாடுகள் ஏற்ற வளர்ச்சி இலக்குகளில் நான்காவது கல்வி பற்றியது. அதன் ஏழாம் பிரிவு நீடித்த வாழ்வுக்கான கல்வியை எல்லா மாணவருக்கும் கேட்கிறது. நல்ல காரியம்தான். நம் பக்கம் யாரும் கேள்விப்பட்டதில்லை என்பதுதான் பொய்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அடுத்து எந்தப் பெயர் வரும் என்று தெரியும். ஜே.சி. குமரப்பா, 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் படிப்பு, அமெரிக்காவில் சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பு. இந்தியா ஏன் ஏழையானது என்பதைப் பொதுநிதிக் கணக்கின் வழியே ஆராய்ந்தவர், 1929இல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். குஜராத் வித்யாபீட மாணவர்களோடு போய் ஒரு தாலுகாவை ஆராய்ந்துவா என்றார் காந்தி. குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. ஊர்க்காரர்களிடம் பேச மாணவர்கள் இருந்தார்கள்.

கேடா மாவட்டத்தின் மாத்தர் தாலுகா அது. மாணவர்கள் ஊர் ஊராகத் தங்கினார்கள். வீட்டுக்கு வீடு போய் நிலம், விளைச்சல், கடன், வட்டி, நிலவரி என்று கேட்டு எழுதினார்கள். உப்புச் சத்தியாகிரகத்துக்கு முந்தைய மாதங்கள் அவை. அந்த அறிக்கை 1931இல் புத்தகமானது. உழுகிறவன் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது, மிஞ்சாதது எங்கே போகிறது என்பதை ஓர் ஏகாதிபத்தியம் மறுக்க முடியாதபடி மாணவர்கள் எண்களில் காட்டினார்கள். பல்கலைக்கழகக் கல்வியும் நீடித்த வாழ்வும் ஒன்றாகச் சேர்ந்த இடம் எது என்று கேட்டால் பத்தியாளர் அந்த ஊர்களைத்தான் கை காட்டுவார்.

1945இல் ஜபல்பூர்ச் சிறையிலிருந்தபோது அவர் எழுதிய 'எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்' பற்றி இந்தப் பத்தி பலமுறை பேசியாயிற்று. இன்னும் ஒருமுறை பேசுவதில் தவறில்லை. நிலக்கரி, பெட்ரோல், இரும்பு எல்லாம் தேக்கிவைத்த இருப்பு, எடுக்க எடுக்கத் தீரும். காடும் ஆறும் ஓட்டம், சரியாக நடத்தினால் தொடர்ந்து தரும். தீரும் பொருளின் மேல் நாகரிகத்தைக் கட்டினால் அந்தப் பொருளுக்காகச் சண்டை வரும் என்று அவர் வாதிட்டார். உலகம் நீடித்த வளர்ச்சி என்ற சொல்லைப் பரவலாகப் பேசத் தொடங்கியது 1987இன் புருண்ட்லாண்ட் அறிக்கைக்குப் பிறகு. குமரப்பாவின் புத்தகம் அதற்கு நாற்பது ஆண்டு முந்திய தமிழன் புத்தகம். பொருளியலாளர் ஷூமாக்கர் 1973இல் 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' எழுதியபோது குமரப்பாவை எடுத்தாண்டார். நம் பொருளியல் வகுப்புகளில் குமரப்பாவின் புத்தகம் மேசைக்கு வருவதே அபூர்வம். பத்தியாளரின் தீராத மனக்குறை இது.

இதே குமரப்பா கல்விக் குழுவிலும் இருந்தார் என்பது பலருக்கு மறந்துபோனது. 1937 அக்டோபரில் வார்தாவில் நடந்த மாநாடு ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைத்தது. அதில் குமரப்பாவும் உறுப்பினர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆரியநாயகமும் உறுப்பினர். கைத்தொழிலை நடுவில் வைத்து, அதிலிருந்தே கணக்கையும் அறிவியலையும் வரலாற்றையும் கற்றுத்தருவது திட்டம். பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்ற யோசனையும் கூடவே வந்தது. பொருளியலாளர் கே.டி. ஷா அதை எதிர்த்தார். அவர் எதிர்த்தது சரி.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வாசகர் நிமிர்ந்து உட்காருவார். உட்கார வேண்டும். 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப்பள்ளிகளில் வகுப்பை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மிச்ச நேரம் பிள்ளை அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, பெரியாரின் போராட்டத்தையும் தி.மு.க.வின் எதிர்ப்பையும் சந்தித்து, காமராஜர் முதல்வரானபின் 1954 மே மாதம் அது கைவிடப்பட்டது. நெசவாளி மகன் தறிக்குழியிலேயே காலம் தள்ளட்டும் என்று எந்தப் பாடத்திட்டமும் சொல்லக்கூடாது. தறியைப் பற்றிய படிப்பு வேறு. அதை வக்கீல் மகனும் படிக்க வேண்டும், மாவட்ட ஆட்சியரின் மகளும் படிக்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கைவிட்டால் பத்தியாளர் இந்தப் பேச்சையே கைவிடுவார்.

ஆரணிப் பக்கம் இது பழைய கதையும் இல்லை. பட்டுத்தொழிலில் சிறுவர்கள் கொத்தடிமைகளாக இருப்பதைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்துத் தறிகளும் இடம்பெற்றன. முன்பணம் வாங்கிய வீட்டின் பிள்ளை கடன் தீரும்வரை தறியோடு. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று இடம் விட்டிருக்கிறது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஊரில் அந்த ஒரு வரி எத்தனை பிள்ளைகளின் மாலைநேரத்தைத் தின்னும் என்பதைக் கல்வியியலும் வளர்ச்சியியலும் சேர்ந்து படித்தவர்கள்தான் கேட்க முடியும்.

அப்படிப் படிக்க இடமும் இருக்கிறது. சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தில் 1956இல் கிராமிய நிறுவனம் எழுந்தது. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பக்கத்து ஊர் சின்னாளப்பட்டி, அதுவும் சேலை நெய்யும் ஊர். மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிக்கும் வழக்கமும் அங்கே உண்டு. ஆனால் மற்ற கல்லூரிகளில், உச்ச நீதிமன்றம் 1991இல் சுற்றுச்சூழலைப் பாடமாக்கச் சொன்னதன் விளைவாக வந்த தாளை, தேர்வுக்கு முந்தைய இரவு கைடு பார்த்து முடித்துவிடுகிறார்கள். காகிதத்தில் ஓசோன் படலம் வருகிறது, ஆரணியில் ஓடும் கமண்டல நாகநதி வருவதில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்துக் கல்லூரி ஒன்று ஒரே ஒரு பருவம் மாத்தர் வேலையைச் செய்யட்டும். ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம், திருமலை. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த தண்ணீரில் கொதிக்கவைத்துப் பசை நீக்கும்போது எடையில் கால் பங்குவரை போய்விடுகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? சூரத்து ஜரிகைக்கும் கர்நாடகத்து நூலுக்கும் போக ஒரு சேலைக்கு நெய்பவருக்கு என்ன கூலி? பாவு புணைக்கும், தார் சுற்றும் பெண்ணின் உழைப்பு யார் கணக்கில் ஏறுகிறது? அந்த வீட்டுப் பெண் எந்த வகுப்போடு பள்ளியை விட்டாள்?

திருமலைக்குக் கணக்கை எழுதிவைக்கும் பழக்கம் புதிதல்ல. குந்தவையின் பெயரால் ஜினாலயம் நிற்கும் அந்தச் சமணக் குன்றில், முதலாம் ராஜேந்திரன் கங்கைவரை வென்ற நாடுகளைப் பட்டியலிடும் கல்வெட்டு இருக்கிறது. பட்டியல் முடிந்ததும், ஒரு வணிகரின் மனைவி சாமுண்டப்பை கோயில் விளக்குக்குக் காசு கொடுத்ததையும் அதே கல் பதிவு செய்கிறது. மாணவர்கள் எடுக்கும் கணக்கிலும் அரசின் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் அவள் மாதிரி ஒருத்தியின் வரவு செலவு இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் முதலில் அதை ஊரைக் கூட்டி வாசித்துக் காட்டட்டும், தவறாக எழுதியதை நெசவாளர்கள் திருத்தட்டும். மதிப்பெண் போடுவது அதற்குப் பிறகு.