அரைப்பேர்

எங்கள் தோட்டத்தில் "பேர்" என்றால் வெறும் பெயர் இல்லை, ஒரு நாள் வேலையின் சம்பளக் கணக்கும் அதுதான். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால் செக்ரோலில் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். காலையிலிருந்து மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றவளுக்குப் பாதி நாள்தான் கணக்கு.

இந்தச் சொல் போன மாதம் லெப்டொப் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது.

ஸ்கூல் படிக்கிற காலத்திலேயே, வெலிமடைப் பக்கம் எங்கள் லயத்தில் அப்பாயி பாடுவதை போனில் பதிய ஆரம்பித்தேன். தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, மாசி மாதத்துக் காமன் கூத்துப் பாட்டு என்று எல்லாம். சில நாள் கீழ் லயத்துப் பாட்டியும் வந்து சேர்ந்துகொள்வார். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். இப்போது என்னிடம் 140 எம்பி3 கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் என்று இருப்பது திகதியும் இலக்கமும் மட்டும்தான். பிளேயரில் போட்டால் "அறியப்படாத கலைஞர்" என்று காட்டுது.

எம்பி3 கோப்புக்குள் சத்தம் மட்டும் இருப்பதில்லை. தலைப்பு, பாடியவர், வருடம் எழுதுகிற ஒரு சின்ன லேபலும் உள்ளேயே ஒட்டியிருக்கும். அதைத்தான் மெட்டாடேட்டா என்கிறோம். 140 கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து டைப் பண்ண யாருக்குப் பொறுமை? கொமாண்ட் லைனில் "ஐடி3" என்ற சின்ன மென்பொருள் இருக்கு. அதன் பெயரை அடித்து, பாடியவர் பெயரைக் கொடுத்து, கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் ஃபோல்டரில் உள்ள எல்லா எம்பி3க்கும் அந்தப் பெயர் ஏறிவிடும். அப்பாயி பெயரை அடித்தேன், என்டர் தட்டினேன், சில வினாடியில் வேலை முடிந்தது. சந்தோஷத்தில் அன்றைக்கே நாலைந்து பாட்டைச் சொந்தக்காரர்களின் குரூப்பில் போட்டேன்.

ராத்திரி கீழ் லயத்துப் பாட்டியின் பேத்தியிடமிருந்து மெசேஜ் வந்தது. "அண்ணா, ரெண்டாவது பாட்டு எங்க பாட்டி குரல். பேரு மாறியிருக்கு."

அந்தப் பாட்டி இறந்து இரண்டு வருடமாகுது. அவர் குரலில் மிச்சமிருப்பது அந்தக் கோப்புகள் மட்டும்தான். அதன் மேல் வேறொருத்தர் பெயரை ஒட்டியது நான். காதில் விழுந்த மாதிரி எங்கள் ஆட்களின் பெயரைப் பதிவுப் புத்தகங்களில் எழுதிவிட்டுப் போனவர்களை நாங்கள் எவ்வளவு திட்டியிருப்போம்? வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, ஐடென்டிட்டி கார்டில் இருப்பது இன்னொன்று என்று எத்தனை பேர் எங்களுக்குள் இருக்கிறார்கள்? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பூட்டன்மாரை நாடற்றவர்களாக்கிய பிறகு, ஒரு தாளில் பெயர் சரியாக இருக்கிறதா இல்லையா என்பது எங்களுக்குச் சின்ன விஷயமாக இருந்ததே இல்லை. அது தெரிந்த நானே ஒரு நட்சத்திரக் குறியால் அதே வேலையைப் பார்த்துவிட்டேன்.

இந்த லேபலின் கதையும் ஒன்றும் நடுநிலையானது இல்லை. 1996இல் வந்த முதல் ஐடி3 வடிவம் கோப்பின் கடைசி 128 பைட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்கச் சொன்னது. தலைப்புக்கு 30 பைட், பாடியவருக்கு 30 பைட். அது ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்த அளவு. இன்றைய யுடிஎஃப்-8 முறையில் "பொன்னர் சங்கர்" என்று எழுதவே 40 பைட் வேண்டும். நம் கதையின் தலைப்புகூட அந்தப் பெட்டிக்குள் நுழையாது. இசைவகைக்கு ஆரம்பத்தில் 80 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல் வைத்தார்கள். அதில் போல்கா இருந்தது, நாட்டுப்பாடல் இல்லை. பிறகு வின்அம்ப் பிளேயர் அந்தப் பட்டியலை நீட்டியபோதுதான் அது 80ஆம் இலக்கமாக உள்ளே வந்தது. 1998இல் வந்த இரண்டாவது வடிவத்தில் இந்த நெருக்கடி தீர்ந்துவிட்டது. தமிழில் எவ்வளவு நீளமாகவும் எழுதலாம். "தோட்டம்", "யாரிடம் கற்றது" என்று நாமே புதுப் பெட்டியும் சேர்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு இடம் இல்லாமல் இல்லை. நாம்தான் எழுதுறதில்லை.

"நாட்டார் பாட்டுக்கு ஏது சொந்தக்காரர்? அது எல்லோருடையதும்தானே" என்று கம்பஸில் ஒரு நண்பன் கேட்டான். பாட்டு எல்லோருடையதாக இருக்கலாம். ஆனால் குரல் ஒருத்தருடையது. ஒரே ஒப்பாரியை அப்பாயி பாடும்போது வருகிற உறவுப் பெயர்கள் வேறு, கீழ் லயத்துப் பாட்டி பாடும்போது வருவது வேறு. எந்த வரியை யார் கூட்டினார், எந்தத் தோட்டத்தில் அப்படிப் பாடினார்கள் என்பதெல்லாம் பெயர் போனால் கூடவே போய்விடும். சி.வி.வேலுப்பிள்ளை "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்று தொகுத்து வைத்ததால்தான் அந்தக் காலத்துச் சொற்கள் நம் கைக்கு வந்தன. கோ.நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடிய பாட்டுகளைத் தன் பெயரிலேயே அச்சிட்டதால்தான், பாடியது ஒரு பெண் என்பது இன்றும் நமக்குத் தெரியுது. அவர்களுக்கு அச்சகம் தேவைப்பட்டது. நமக்கு ஒரு வரிக் கட்டளை போதும்.

சரி, பிறகு எப்படித் திருத்தினேன்? முதலில் ஃபோல்டர் முழுவதையும் ஒரு பென் டிரைவில் கொப்பி எடுத்து வைத்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேணும். பிறகு லயத்துக்குப் போய் அப்பாயியையும் அந்தத் தங்கச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 140ஐயும் கேட்டோம். கோப்பின் பெயர், பாடியவர், தோட்டம், என்ன பாட்டு, எப்போது பாடுவது என்று ஒரு அட்டவணை எழுதினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. 31 பாட்டு கீழ் லயத்துப் பாட்டியுடையது. ஆறு பாட்டில் இரண்டு பேரும் மாறி மாறிப் பாடுகிறார்கள், அதில் இரண்டு பெயரும் போட்டோம். ஒரு ஒப்பாரியை மட்டும், "அது என் தம்பிக்குப் பாடினது, வெளிய குடுக்காத" என்றார் அப்பாயி. அதைத் தனியாக எடுத்து வைத்தேன். கடைசியில் அட்டவணையை வரி வரியாக வாசித்து அந்தந்தக் கோப்பில் எழுதுகிற மாதிரி சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட். அது ஓடி முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கம்ப்யூட்டருக்குக் குரல் யாருடையது என்று தெரியாது. நாம் சொன்னதைச் சரியாகவும் எழுதும், பிழையாகவும் எழுதும், ஒரே வேகத்தில்.

உங்கள் போனிலும் இப்படி ஏதாவது இருக்கும். அம்மாயி பாடிய தாலாட்டு, திருவிழாவில் மாமா அடித்த தப்பு, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் தெம்மாங்கு. யூடியூபில் ஏற்றுவதற்கு முன்னால், குரூப்பில் தட்டிவிடுவதற்கு முன்னால், பாடியவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. பெயரைத் தமிழில், முழுசாக எழுதுங்க. நாள் முழுக்க மலையில் நின்று அரைப்பேர் வாங்கியவர்களுக்குப் பாட்டிலாவது முழுப்பேர் போடுவோம்.