அடுக்கிலேயே கிலோ விலை வேண்டும்

புனேயில் மாதச் சம்பளக்காரர்களின் மளிகைப் பட்டியல் மாறிவருகிறது. விளம்பரங்களில் பார்த்துப் பழகிய பெயர்கள் இருந்த இடத்தில், கடையே தன் பெயரில் விற்கும் துவரம் பருப்பும் ரவையும் தரை துடைக்கும் திரவமும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. டிமார்ட்டின் பிரீமியா, ரிலையன்ஸின் குட் லைஃப், பிக்பாஸ்கெட்டின் பிபி ராயல் எல்லாம் வாக்கட்டிலும் ஹடப்சரிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இன்று பழகிய பெயர்கள்.

காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. வாடகையும் கடன் தவணையும் குறையப்போவதில்லை. பள்ளிக் கட்டணத்தில் பேரம் பேச முடியாது. கோடையில் குடியிருப்புச் சங்கம் வரவழைக்கும் தண்ணீர் லாரிக்குப் பங்கு கொடுத்தே தீர வேண்டும். வீட்டுக் கணக்குப் பார்ப்பவர் கைவைக்க முடிந்த ஒரே இடம் மளிகைதான். 2023-24ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வுப்படி, நகர்ப்புற இந்தியர் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். அதில் ஏறத்தாழ 40 விழுக்காடு உணவுக்கே போகிறது. இந்த நிலையில்தான் 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரி உயர்ந்தது; அக்டோபரில் உணவுப் பணவீக்கம் 10.87 விழுக்காட்டைத் தொட்டது. பிறகு விலைகள் தணிந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பூ, பற்பசை ஆகியவற்றுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகவும் குறைந்தது. ஆனால், மலிவான பருப்பில் சாம்பார் வைத்துப் பார்த்து, ருசியில் குறை காணாதவர் எதற்காகப் பழைய பிராண்டுக்குத் திரும்ப வேண்டும்?

இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. சர்க்கரை சர்க்கரைதான். அயோடின் கலந்த உப்பு எந்தப் பெயரில் வந்தாலும், கடையில் வாங்கும்போது அதில் 15 பிபிஎம் அயோடினாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். டீத்தூள், நெய், காபி போன்றவற்றில் தரமும் ருசியும் வேறுபடும். அங்கே அவரவர் நாக்குதான் நீதிபதி. மற்றபடி, விளம்பரச் செலவையும் சேர்த்துக் கட்டிய விலையைக் கொடுக்க மறுப்பது விவேகமான செயல். அதை நாம் வரவேற்கிறோம்.

நம் கவலை வேறு. மலிவு என்று நம்பி எடுக்கும் பொட்டலம் உண்மையிலேயே மலிவுதானா என்பதைக் கடையில் நின்று தெரிந்துகொள்ள வழியில்லை. பருப்பு, எண்ணெய், பிஸ்கட், தேயிலை போன்றவை குறிப்பிட்ட எடைகளில்தான் வர வேண்டும் என்று முன்பு ஒரு பட்டியல் இருந்தது. பொட்டலப் பொருள் விதிகளில் 2021 நவம்பரில் கொண்டுவந்த திருத்தம் அந்தப் பட்டியலை நீக்கியது. ஈடாக, ஒவ்வொரு பொட்டலத்திலும் அலகு விலையை அச்சிட வேண்டும் என்றது. நோக்கம் நல்லது. நடைமுறையில் அது யாருக்கும் பயன்படாதபடி எழுதப்பட்டிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு இவ்வளவு என்றும், ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோவுக்கு இவ்வளவு என்றும் அச்சிட வேண்டும் என்கிறது விதி. அதையும் இரண்டு தசமத்துக்கு முழுமையாக்க வேண்டும். 500 கிராம் பருப்பு ஒரு பிராண்டில் 78 ரூபாய், இன்னொன்றில் 82 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 8 ரூபாய் வித்தியாசம். ஆனால் இரண்டு உறைகளிலும் ‘கிராமுக்கு 0.16 ரூபாய்’ என்றே இருக்கும். பக்கத்தில் உள்ள இரண்டு கிலோ பையில் ‘கிலோவுக்கு 150 ரூபாய்’ என்று இருந்தால், இதையும் அதையும் எப்படி ஒப்பிடுவது? ஒரு கையில் பையும் மறுகையில் குழந்தையுமாக நிற்பவரிடம் தசமக் கணக்குப் போடச் சொல்வது நியாயமா?

எண்ணெயில் குழப்பம் இன்னும் அதிகம். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை இருக்கும். பார்வைக்கு ஒரே அளவாகத் தெரியும் உறைகளில் ஒன்றில் 910 கிராம், மற்றொன்றில் 850 கிராம். விலை குறைந்தது மலிவானது என்று கை தானாக நீளும். பெரிய பொட்டலம் வாங்கினால் லாபம் என்ற நம்பிக்கையும் எப்போதும் பலிப்பதில்லை. நம் கடலூர் சின்னி கிருஷ்ணன் காட்டிய வழியில் பரவிய ஷாம்பூ சாஷே, பல நேரங்களில் பெரிய பாட்டிலைவிட மில்லிக்கு மலிவாகவே கிடைக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, உறையில் அச்சிட்ட அலகு விலை எம்ஆர்பியின் அடிப்படையிலானது. சூப்பர் மார்க்கெட்டுகளோ எம்ஆர்பிக்குக் கீழே, ஆளுக்கொரு தள்ளுபடியில் விற்கின்றன. எம்ஆர்பியை ஏற்றி வைத்துப் பெரிய தள்ளுபடி காட்டுகிற பொருளும், நியாயமான எம்ஆர்பியில் சிறிய தள்ளுபடி தருகிற பொருளும் அடுத்தடுத்து இருக்கும்போது, உறையில் உள்ள எண் வாங்குபவரை வழிதவறவே வைக்கும். தள்ளுபடி போக உள்ள விலையில் கிலோவுக்கு எவ்வளவு என்று சொல்லக்கூடியது அடுக்கின் விளிம்பில் செருகப்படும் விலைச்சீட்டு மட்டும்தான்.

எனவே நாம் கேட்பது இது. குறிப்பிட்ட பரப்பளவுக்கு மேற்பட்ட எல்லாக் கடைகளும், இணைய மளிகைச் செயலிகளும், விற்கும் விலைக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் கிலோ அல்லது லிட்டர் விலையைக் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 1998ஆம் ஆண்டின் நெறியாணையிலேயே இதைச் செய்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2009 முதல் பெரிய கடைகளுக்கு இது கட்டாயம். விலையைக் குறைக்காமல் எடையை மட்டும் குறைத்த பொருள்களுக்குக் கடையிலேயே அறிவிப்பு வைக்க வேண்டும் என்பதை பிரான்ஸ் 2024 ஜூலை முதல் கட்டாயமாக்கியது. அந்த அறிவிப்பும் இங்கே வேண்டும். தெருமுனைக் கிராணா கடைக்காரரை இதில் இழுக்க வேண்டாம். அவர் சீரகத்தை ஐம்பது கிராமாக நிறுத்தும் தருகிறார், மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு கடனும் தருகிறார். அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றுவது அநியாயம்.

இந்தக் குரல் புனேயிலிருந்து எழுவது பொருத்தம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு 12 ஆண்டுகள் முன்பே, 1974இல், பிந்துமாதவ் ஜோஷி கிராஹக் பஞ்சாயத்து என்ற நுகர்வோர் அமைப்பைத் தொடங்கியது இந்த நகரில்தான். திருவல்லிக்கேணியில் 1904இலேயே கூட்டுறவுப் பண்டகசாலை நடத்திக் காட்டிய தமிழர்களும் இதைப் பேசலாம். விதியைத் திருத்த வேண்டியது ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை. அதை அமலாக்க வேண்டியவை மாநில எடையளவுத் துறைகள்.

கடைகளுக்கு இதனால் பெரிய செலவும் இல்லை. ஒவ்வொரு பொருளின் எடையும் விலையும் அவர்களின் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. விலை மாறும்போதெல்லாம் புதிய சீட்டை அச்சிட்டுத்தான் செருகுகிறார்கள். அடுத்த சீட்டில் இன்னொரு வரியைச் சேர்க்க அரசாணை வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.