மனதை அளக்க வருவோர் எமது பேச்சில் கேட்கட்டும்

காய்ச்சலை அளக்க ஒரு கருவி போதும். துரைக்கும் தொழிலாளிக்கும் அது ஒரே மாதிரித்தான் காட்டும். மனதை அளக்க அப்படியொரு கருவி இல்லை. கேட்கிற கேள்விகள்தான் கருவி. அவை யாருடைய வாழ்க்கையை வைத்து எழுதப்பட்டவை?

மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் வைத்தியர்கள் பயன்படுத்தும் படிவமொன்றில் 9 கேள்விகள் உள்ளன. கடந்த 2 வாரங்களில் களைப்பு இருந்ததா, தூக்கம் கெட்டதா என்றெல்லாம் கேட்கும். நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் களைப்பா என்று கேட்டால் என்ன பதில் வரும்? மனம் உடைந்துபோனவரோ, "நெஞ்சை அடைக்குது, தலை பாரமா இருக்கு" என்றுதான் சொல்வார். வலி மாத்திரையோடு திருப்பி அனுப்பப்படுவார். இல்லாத நோயை எழுதுவதும் இருக்கிற நோயைத் தவறவிடுவதும் இப்படித்தான் நடக்கிறது.

அதற்காகப் படிவத்தைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்பதும் அதில் ஒரு கேள்வி. அது எமது லயங்களில் கட்டாயம் கேட்கப்பட வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. நியூசிலாந்தின் மாவோரி வைத்தியர் மேசன் டூரி, 1980களில் நலத்தை நான்கு சுவருள்ள வீட்டுக்கு ஒப்பிட்டார்: உடல், மனம், குடும்பம், ஆன்மா. ஒரு சுவர் சரிந்தாலும் வீடு நிற்காது. எமக்கும் அது பொருந்தும். கடன், குடி, பேர் குறைந்த மாதம், வெளிநாடு போன தாய் எல்லாவற்றையும் கேட்காமல் மனதை அளக்க முடியாது.

கோயிலில் திருநீறு போட்டோம் என்றால் வைத்தியர் முகம் சுளிக்கக்கூடாது. அதேபோல, இதை வைத்தியசாலையில் காட்டுங்கள் என்று சொல்லப் பூசாரியும் தயங்கக்கூடாது.

அரச அலுவலர்களோடு தமிழில் கருமமாற்றும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஆனால் தமிழ் தெரிந்தவர் இல்லாத இடத்தில் கூடப்போன பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். சாக நினைத்ததை எந்தத் தாய் தன் பிள்ளையின் வாயால் சொல்லவைப்பாள்? தோட்டத்து உத்தியோகத்தரை வைத்துப் பேசினாலும் வாய் திறக்காது.

ஆகவே தோழர்களே, சம்பளத்தோடு இதையும் கேட்போம்: மலையகத்து வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் உளநல உத்தியோகத்தர்கள் வேண்டும். கேள்விகள் எமது மக்களிடம் பரீட்சித்துப் பார்க்கப்பட வேண்டும்.

தாங்க முடியாத நிலையில் யாராவது இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.