அமைதிக்கு மானியமா?

தீவிரவாதத்தையும் ரௌடிக் கும்பல்களையும் தடுக்க மானியம் தருகிறோம், மக்கள் எங்களோடு கூட்டுச் சேரட்டும் என்போரை நாம் பழவேற்காட்டு ஏரிக்கு அழைக்கிறோம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மீனவர்கள் யார், எந்நாளில், எங்கே வலை கட்டுவதென்பதை நெடுங்காலமாகப் 'பாடு' முறையில் சீட்டுக் குலுக்கி வகுத்துக்கொள்கின்றனர். பாட்டில் பங்கில்லாதாருக்கு அது நீதியன்று. அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அவ்வமைதி மானியத்தால் விளைந்ததன்று.

பர்மிங்ஹாமில் நடந்ததென்ன? தீவிரவாதத் தடுப்பு நிதியைக் கொண்டு முஸ்லிம்கள் மிகுந்த பகுதிகளில் 200-க்கும் மேற்பட்ட காமிராக்களை நட்டுவிட்டு, குற்றத்தைத் தடுக்கவென்று மக்களிடம் கூறினர். 2010-இல் உண்மை வெளிப்பட்டது. 2011-இல் அவை அகற்றப்பட்டன. இதுவா கூட்டு? 2017-இல் அமெரிக்காவின் பயான் கிளேர்மாண்ட் கல்வி நிலையம் இத்தகைய நிதி 8 லட்சம் டாலரை வேண்டாமென்றது. அந்த மறுப்பை நாம் மனமார வரவேற்கிறோம்.