அறிவுக்குத் தோல் நிறம் உண்டா?

சென்ற ஞாயிறு மாலை போளூரில் நம் தோழர் ஒருவர் வீட்டு மாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பழைய சினிமாப் படம் ஒன்றைச் சுவரில் பாய்ச்சிப் பார்த்தோம். சுயமரியாதைக்காரனுக்குச் சினிமாவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். புராணத்தைப் பற்றிப் பேச நமக்கு எவ்வளவு பாத்தியதை உண்டோ, அவ்வளவு பாத்தியதை சினிமாவைப் பற்றிப் பேசவும் உண்டு. ஏனெனில் முன்பு காலட்சேபக்காரன் செய்துவந்த வேலையைத்தான் பிறகு சினிமாக்காரன் எடுத்துக்கொண்டான். முன்னவன் தட்டில் விழுந்த காசுக்குச் செய்தான்; பின்னவன் டிக்கெட் விற்றுச் செய்கிறான். யார் பெரியவன், யார் சின்னவன், யார் ஆளப் பிறந்தவன், யார் மூட்டை தூக்கப் பிறந்தவன் என்பதை ஜனங்கள் மனத்தில் ஏற்றுவதில் இருவரும் ஒருவரே.

படத்தின் பெயர் "காடு". ஆங்கிலத்தில் "தி ஜங்கிள்". வெளிவந்தது 1952இல். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர். சுந்தரம் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த படம். டைரக்ட் செய்தவர் வில்லியம் பெர்க் என்ற அமெரிக்கர். தமிழ்நாட்டில் உண்டான விஞ்ஞானக் கற்பனைப் படங்களில் இதுவே முதல் என்று சினிமாச் சரித்திரம் எழுதுகிறவர்கள் சொல்லுவது வழக்கம்.

கதை இதுதான். ஓர் இந்திய சமஸ்தானம். காட்டு யானைகள் வெருண்டோடிக் கிராமங்களை அழிக்கின்றன. இதற்குக் காரணம் மாமூத் என்னும் ஆதிகால மயிர் யானைகள் என்று ஓர் அமெரிக்க வேட்டைக்காரன் சொல்லுகிறான். முதலில் அவனை நம்பாதவர்களும் சேர்ந்து, மூட்டை தூக்கும் கூலிகளோடு காட்டிற்குள் புறப்படுகிறார்கள். வேட்டைக்காரனாக ராட் காமெரன். சமஸ்தானத்து ராமா சிங்காக சீசர் ரொமேரோ. இளவரசியாக மேரி வின்ட்சர். மூவரும் ஹாலிவுட் நடிகர்கள்.

மாமூத் குளிர்தேசத்து மிருகம். அதன் கடைசிக் கூட்டம் ரஷியாவுக்கு வடக்கே ராங்கல் தீவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்னரே மடிந்துபோயிற்று. ஆகவே நம் யானைகளின் மேல் மயிர்ப் போர்வையைப் போர்த்தி மாமூத் ஆக்கினார்கள். அதுபோலவே ஒரு வெள்ளைப் பெண்மணிக்கு இந்திய உடையைப் போர்த்தி இளவரசி ஆக்கினார்கள். மாமூத்துக்கு ஆப்பிரிக்க யானையைவிட நம் நாட்டு யானையே நெருங்கிய உறவு என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். யானை விஷயத்திலாவது உறவு பொருந்திவிட்டது. இளவரசி விஷயத்தில் அதுகூட இல்லை!

படம் முடிந்ததும் வாதம் கிளம்பிற்று. மூன்று விதமான அபிப்பிராயங்கள் வந்தன. மூன்றும் நாட்டில் பரவலாக உள்ளவை, மூன்றும் தப்பானவை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதல் தோழர், "கட்டுக்கதைதானே! பழைய படம், இதில் போய் நிறத்தையும் ஆதிக்கத்தையும் தேடுவானேன்?" என்றார்.

கட்டுக்கதை என்பதால் விட்டுவிடலாம் என்றால், இராமாயணத்தை நாம் ஏன் விடவில்லை? ஜனங்கள் சட்டப் புத்தகத்தைப் படித்தா சூத்திரப் பட்டத்தை ஒப்புக்கொண்டார்கள்? கதையைக் கேட்டுத்தானே! பழைய படம் என்பதும் சரியல்ல. 57 வருஷம் கழித்து 2009இல் ஜேம்ஸ் காமெரன் "அவதார்" எடுத்தார். அந்நியர் ஓர் உலகத்தைத் தோண்டிக் கொள்ளையடிப்பதைக் கண்டித்த படம் அது, அதற்காகப் பாராட்டுகிறோம். ஆனால் அங்கேயும் அந்த நீல நிற ஜனங்களைக் காப்பாற்றத் தலைமை தாங்குகிறவன் யார்? கொள்ளையடிக்க வந்த கூட்டத்திலிருந்து பிரிந்து வந்த ஒரு வெள்ளைச் சிப்பாய்தான். பரம்பரையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் ஒருவனுக்கு அந்த யோக்கியதை வரவில்லை. பெயரோ நம் புராணக் கடையில் கடன் வாங்கிய பெயர். மேலேயிருந்து ஒருவன் இறங்கி வந்துதான் கீழே கிடப்பவர்களை இரட்சிக்க வேண்டும் என்ற தத்துவமும் அந்தக் கடைச் சரக்கே.

இரண்டாவது தோழர் தேசிய அபிமானி. "வெள்ளைக்காரன் பாரத நாட்டையே அவமானப்படுத்திவிட்டான். விமானமும் விஞ்ஞானமும் நம் ரிஷிகளிடம் அல்லவா முதலில் இருந்தன?" என்று கொதித்தார்.

இந்த அபிமானத்திற்கு ஆதாரம் வேண்டாமா? 2015 ஜனவரியில் மும்பையில் கூடிய இந்திய விஞ்ஞான மாநாட்டிலேயே வேதகால விமானம் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார்கள். அதற்கு மூலமாகக் காட்டப்படும் வைமானிக சாஸ்திரம் என்ற புத்தகத்தைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து நிபுணர்கள் 1974லேயே பரிசோதித்து, அது இருபதாம் நூற்றாண்டில் உண்டான நூல் என்றும், அதில் சொல்லியபடி செய்தால் விமானம் பறக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். வெள்ளையன் அறிவைத் தன் தோலுக்குச் சொந்தமாக்கினான். இவரோ ரிஷிகளின் பூணூலுக்குச் சொந்தமாக்குகிறார். மூட்டை தூக்கிய கூலிக்கு இதனால் என்ன லாபம்? வெள்ளையன் படத்திலும் அவன் மூட்டைதான் தூக்கினான். ரிஷியின் ஆசிரமத்திலும் அவன் விறகுதான் வெட்டுவான்.

மேலும் அமெரிக்கன் எடுத்தான் என்பதே குற்றமா? அதே சேலத்தில், அதே மாடர்ன் தியேட்டர்ஸில், 1950இல் "மந்திரி குமாரி" எடுக்கப்பட்டது. வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. டைரக்ட் செய்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். ராஜகுருவின் சூழ்ச்சியையும் அவன் மகனின் கொள்ளையையும் சந்தி சிரிக்க வைத்த படம் அது. ஆகவே நம் சண்டை ஆளின் தோலோடு அல்ல. அவன் கொண்டுவரும் சரக்கோடுதான்.

மூன்றாவது பேச்சு நம் இயக்க வாலிபர் ஒருவருடையது. அது நமக்கு அதிக வருத்தத்தைத் தந்தது. "ஆரியன் சிவப்பு, திராவிடன் கறுப்பு. கறுப்பு இரத்தம்தான் உயர்ந்த இரத்தம் என்று நாம் படமெடுக்க வேண்டும்" என்றார் அவர்.

வெறி புரிகிறது, வழி புரியவில்லை. பெரியார் திராவிடர் என்று சொன்னது எவருடைய இரத்தத்தையும் பரிசோதித்து அல்ல. பிறவியால் உயர்வு தாழ்வு பேசும் முறையை எதிர்த்து நிற்பவர்களை ஒன்று சேர்க்கச் சொன்னார். உயர்ந்த இரத்தம் என்று ஒன்று உண்டென ஒப்புக்கொண்டால், மனுவோடு நமக்கு வழக்கே இல்லை. யார் பெயரை மேலே எழுதுவது என்ற பங்காளிச் சண்டைதான் மிச்சம். ஆரணிப் பட்டு நெய்யும் தோழர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் சொன்னார்: "கறுப்புச் சேலையும் வெள்ளைச் சேலையும் ஒரே புழு கக்கின நூல்தான் தோழர். வித்தியாசம் சாயத்தொட்டியில் வந்தது. நூல் அறுந்தால் சாயமா முடிச்சுப் போடும்?" இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? மனிதன் தோலின் கறுப்பும் தலைமுறை தலைமுறையாக வெயிலுக்கு ஏற்பட்ட சாயமே.

நிற்க. மற்றவன் படத்தில் நிற பேதம் கண்ட நாம் நம் வீட்டையும் பார்க்க வேண்டாமா? வெள்ளையரும் கறுப்பரும் காதல் கொள்வதைத் திரையில் காட்டக் கூடாதென்று அமெரிக்கப் படத் தொழிலில் ஒரு விதி 1950களின் நடுப்பகுதி வரை இருந்தது. கேட்டதும் அனைவரும் சிரித்தோம். ஆனால் 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் ஜாதி மாறிக் கலியாணம் செய்துகொண்ட சங்கரைப் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்களே, அது எந்த நாட்டு விதி? அவன் திரையில் தடுத்ததை நாம் தெருவில் தடுக்கிறோம். வருணம் என்ற சொல்லுக்கே நிறம் என்று அர்த்தம். அந்தச் சொல்லை வைத்துக் கொண்டிருக்கும் நாட்டுக்கு வெள்ளையனைப் பார்த்து மட்டும் சிரிக்கும் யோக்கியதை இல்லை.

அப்படியானால் அந்தப் படத்தின் உண்மையான குற்றம் யாது? யானை ஏன் ஓடுகிறது என்று காரணம் தேடும் வேலையை, அதாவது பகுத்தறிவின் வேலையை, வந்தவனுக்குக் கொடுத்து, அந்தக் காட்டிலேயே வாழ்கிறவனுக்கு மூட்டையை மட்டும் கொடுத்ததே குற்றம். இது அக்கிரமம் மட்டுமல்ல, பொய்யுங்கூட. அதை உலகமே பார்த்தது.

அமெரிக்காவில் ஃப்ளாரிடா சதுப்புக் காடுகளில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி மற்றப் பிராணிகளைத் தின்று தீர்த்தன. அந்த நாட்டு வேட்டைக்காரர்களும் விஞ்ஞானிகளும் தேடியும் அடக்க முடியவில்லை. 2017 ஜனவரியில் அவர்கள் ஆளனுப்பி அழைத்தது தமிழ்நாட்டு இருளர் இருவரை: மாசி சடையன், வடிவேல் கோபால். இரண்டு வாரத்திற்குள் 13 பாம்புகளைப் பிடிக்க அவர்கள் உதவினார்கள். தடத்தையும் எச்சத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் பிடித்தார்கள், மந்திரம் போடவில்லை. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சேலத்தில் எடுத்த கதை ஃப்ளாரிடாவில் தலைகீழாக நடந்தது! 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துவந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து செய்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார்கள்.

இதைக் கண்டு "அது அவர்கள் இரத்தத்திலேயே உள்ளது" என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். இரத்தத்தில் ஒன்றுமில்லை. கண்ணால் பார்த்து, தவறு செய்து, திருத்திக் கற்றது. நம் பிள்ளையை அங்கே வளர்த்தால் பாம்பின் தடம் பார்க்கக் கற்கும். இருளர் பிள்ளைக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தால் டாக்டராகும். இதுதான் விஞ்ஞானம், மற்றது கற்பனை.

கடைசியாக ஒன்று. போளூரில் மேற்கே திரும்பினால் சவ்வாது மலை தெரியும். 2015 ஏப்ரல் 7ந் தேதி ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 தமிழர்களைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி ஜில்லாக்காரர்கள். சவ்வாது மலைவாசிகளும் அதில் உண்டு. மரத்தை விற்றுக் கோடி சேர்க்கிறவன் வேறு ஊரில் மாடியில் இருந்தான். கூலிக்குப் போனவன் காட்டில் கிடந்தான். கடத்தல்காரர்கள் என்ற ஒரே வார்த்தையில் அவர்கள் பெயர்களை மூடிவிட்டு ஜனங்கள் சாப்பிடப் போனார்கள். சில ஜாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று 1871இல் தொடங்கிய சட்டமுறை 1952 ஆகஸ்டு 31இல், இந்தப் படம் வந்த அதே வருஷத்தில், ஒழிக்கப்பட்டது. சட்டம் போயிற்று, பார்வை போகவில்லை.

சினிமாக் காட்டில் மூட்டை தூக்கினவனுக்குப் பெயர் இல்லை. நிஜக் காட்டில் குண்டடிபட்டவனுக்கும் நாம் பெயர் வைக்கவில்லை. முன்னதைப் பார்த்துப் பழகிய கண்தான் பின்னதைக் கண்டும் கலங்காமல் இருந்தது. கட்டுக்கதைதானே என்று கேட்ட தோழருக்கு இதுவே நம் பதில்.

ஆகவே வாலிபத் தோழர்களே! படம் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு படத்திலும் இரண்டு கேள்வி கேளுங்கள். யோசிக்கும் வேலையை யாருக்குக் கொடுத்திருக்கிறான்? சாகும் வேலையை யாருக்குக் கொடுத்திருக்கிறான்? கேட்டுவிட்டு, அந்த இரண்டு கேள்வியையும் உங்கள் தெருவுக்கும் கொண்டுவாருங்கள். அங்கே பதில் சொல்ல வேண்டியவர்கள் அமெரிக்கர்கள் அல்ல, நாம்தான்.